‘கேஷுவல்டி 40’ என்றால் 40 மரணம் அல்ல: போர்முனைச் செய்தியை வாசிப்பது எப்படி?

போர் பற்றிய வெளிநாட்டுச் செய்தி ஒன்று “40 கேஷுவல்டி” என்று வருகிறது. தமிழாக்கும் மேசையில் நேரமில்லை. “40 வீரர்கள் பலி” என்று தலைப்பாகிவிடுகிறது. தமிழ்ப் பேச்சில் கேஷுவல்டி என்றால் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. ராணுவக் கணக்கிலோ அது சண்டையிட முடியாமல் போன எல்லோரையும் சேர்த்த கூட்டுத்தொகை: இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், பிடிபட்டவர். அந்த 40 பேரில் இறந்தவர்கள் எட்டுப் பேராக இருக்கலாம், இருபது பேராகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்லாத வரை ‘இழப்பு’ என்று எழுதுவதே சரி.

போர்முனையில் நிற்கும் வீரர்களைப் பற்றி வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம் இப்படிப் பல கை மாறி வந்ததுதான். ஒவ்வொரு கையும் கொஞ்சம் கழிக்கிறது, கொஞ்சம் கூட்டுகிறது. சில கழிவுகளுக்கு நியாயமான காரணம் உண்டு; சிலவற்றுக்குக் கிடையாது. இரண்டையும் பிரித்தறிய ராணுவ ஞானம் தேவையில்லை. செய்தி எந்த வழியாக வந்தது, வழியில் யார் யார் நின்றார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முன்பு இதற்கு இவ்வளவு அவசியம் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளில் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் பணியாற்றினார்கள். அப்போதைய மக்கள்தொகையில் எட்டு ஒன்பது பேருக்கு ஒருவர். அண்ணனோ, மாமாவோ, பக்கத்து வீட்டுப் பையனோ போர்முனையில் இருந்தார்கள், கடிதம் வந்தது. 1973-ல் அங்கே கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. இன்று முழுநேரப் படையில் இருப்பவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. கட்டாயச் சேவையைக் கைவிட்ட நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான். வீரர்களை நேரில் தெரிந்தவர்கள் குறையக் குறைய, திரையில் தெரிவதே அவர்களைப் பற்றிய முழு அறிவாகிவிடுகிறது.

எண்களுக்குள் என்ன இருக்கிறது?

இராக்கை எடுத்துக்கொள்வோம். 2003 மார்ச் முதல் 2010 ஆகஸ்ட் வரை அங்கே இறந்த அமெரிக்க ராணுவத்தினர் ஏறத்தாழ 4,400 பேர். இதில் எதிரியின் தாக்குதலில் இறந்தவர்கள் சுமார் 3,500. மீதிப் பேர் வாகன விபத்து, ஹெலிகாப்டர் விபத்து, நோய், தற்கொலை போன்றவற்றால் இறந்தவர்கள். ராணுவப் பட்டியலில் முதல் வகை ‘பகைச் செயல்’, இரண்டாவது வகை ‘பகையல்லாதது’. செய்தியில் எந்த எண் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே போருக்கு இரண்டு வெவ்வேறு விடைகள் கிடைக்கும், இரண்டுமே பொய்யல்ல.

அதே போரில் காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 32,000 பேர். அதாவது எதிரியால் இறந்த ஒவ்வொருவருக்கும் காயத்தோடு பிழைத்தவர்கள் சுமார் ஒன்பது பேர். பழைய போர்களில் ஒருவருக்கு மூவர் என்பதுதான் பொதுவான தோராயக் கணக்கு. மார்புக் கவசமும், ரத்தப்போக்கைக் கட்டும் பட்டையும், ஹெலிகாப்டரில் விரைவாக அறுவை மேசைக்குக் கொண்டுபோவதும் அந்த விகிதத்தை மாற்றின. இதன் மறுபக்கம் செய்தியில் அதிகம் வருவதில்லை: இறப்பு எண்ணை மட்டும் வைத்து இரண்டு போர்களை ஒப்பிட்டால் பிந்தைய போர் லேசானதாகத் தோன்றும். கை கால் இழந்து, மூளையில் அடிபட்டுத் திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சம்பளத்துக்கு வந்த தனியார் ஒப்பந்த ஊழியர்களும் இல்லை. சமையல், லாரி ஓட்டுவது, காவல் என்று ராணுவம் செய்த வேலைகளைப் பல நாடுகள் இப்போது ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிட்டன. அவர்களில் ஒருவர் இறந்தால் அது ‘வீரர் மரணம்’ ஆவதில்லை.

காயம் என்பதற்கான வரையறையே நாளுக்கு நாள் மாறலாம். 2020 ஜனவரி 8 அன்று இராக்கில் அமெரிக்கப் படையினர் இருந்த அல் அசாத் தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கர்கள் யாருக்கும் பாதிப்பில்லை என்பது முதல் அறிவிப்பு. பிறகு 11 பேர், 34 பேர், 50 பேர் என்று எண் ஏறி, கடைசியில் நூற்றுக்கு மேல் போனது. அத்தனையும் வெடியதிர்வால் ஏற்பட்ட மூளைக் காயங்கள். வெளியே ரத்தம் இல்லாததால் முதல் நாள் கணக்கில் வரவில்லை. தலைவலி, தலைச்சுற்றல், நினைவுத் தடுமாற்றம் என்று நாட்கள் கழித்துத்தான் மருத்துவரிடம் போனார்கள். முதல் நாள் எண்ணைப் பென்சிலால் எழுதியதாகவே கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரு தரப்பு எதிர்த்தரப்பின் இழப்பைச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். 2023 புத்தாண்டு இரவில் உக்ரைனின் மக்கீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் ராக்கெட் தாக்குதலில் இடிந்தது. ரஷ்யா முதலில் 63 பேர் இறந்ததாகச் சொன்னது, பின்பு 89 என்று திருத்தியது. உக்ரைன் சொன்னது ஏறத்தாழ 400. இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது பலருக்குப் பழக்கம். உண்மை நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. யார் சொன்ன எண் என்பதைச் சேர்த்தே நினைவில் வைப்பதுதான் ஒரே வழி.

இதற்கு மாற்றாக ஒரு பொறுமையான முறை இருக்கிறது. ரஷ்யத் தரப்பு இழப்பைப் பிபிசியின் ரஷ்யப் பிரிவும் மீடியாசோனா என்ற செய்தித்தளமும் பெயர் பெயராக எண்ணிவருகின்றன. உள்ளூர் அதிகாரிகளின் இரங்கல், உறவினர் பதிவுகள், உள்ளூர்ப் பத்திரிகை, கல்லறைப் பலகை என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சான்று வேண்டும். அப்படிக் கிடைப்பது குறைந்தபட்ச எண். “குறைந்தது இத்தனை பேர்” என்பதை “இத்தனை பேர்தான்” என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘படைப்பிரிவு’ என்ற ஒரே சொல் எல்லா அளவுக்கும் பயன்படுகிறது. பிளட்டூன் என்றால் 30 முதல் 40 பேர். கம்பெனி என்றால் 100 முதல் 200 வரை. பட்டாலியன் 500 முதல் 1,000 வரை. பிரிகேட் சில ஆயிரம். டிவிஷன் 10,000-க்கு மேல். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். “ஒரு படைப்பிரிவு பின்வாங்கியது” என்ற வரியில் போனது 35 பேரா 10,000 பேரா என்று தெரியாவிட்டால் அந்தச் செய்தியிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். தமிழ்ச் சொல்லைத் தேடி நேரம் போக்குவதைவிட, அளவைச் சொல்லும் பட்டாலியன், பிரிகேட் என்பவற்றை அப்படியே போடுவது நல்லது.

இருபது நாள், இருபத்து மூன்று நாள்

கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று பாலக்ளாவாவில் பிரிட்டிஷ் குதிரைப் படை ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்து அழிந்தது. ‘டைம்ஸ்’ நிருபர் வில்லியம் ஹோவர்ட் ரஸ்ஸல் எழுதிய செய்தி 20 நாளில் லண்டனில் அச்சானது. 128 ஆண்டுகள் கழித்து, 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரின் தொலைக்காட்சிப் படச்சுருள்களில் சில லண்டன் வந்துசேர 23 நாள் ஆனது. செயற்கைக்கோள் காலத்தில் இது எப்படி? போர் நடந்தது தென் அட்லாண்டிக்கில். நிருபர்கள் போனது கடற்படைக் கப்பலில். செய்தி அனுப்பும் கருவி கடற்படையிடம். தணிக்கை கப்பலில் ஒருமுறை, லண்டனில் இன்னொரு முறை. வண்டி யாருடையதோ, வேகமும் அவர்களுடையதே.

ரஸ்ஸலுக்குத் தணிக்கை இருக்கவில்லை. சண்டையைவிடக் காலராவும் குளிரும் அதிகம் பேரைக் கொன்றதையும், காயக்கட்டுத் துணிகூட இல்லாததையும் அவரும் உடன் எழுதியவர்களும் அப்படியே எழுதினார்கள். விளைவு: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர்களோடு புறப்பட்டார், நிதி திரண்டது, 1855 ஜனவரியில் பிரதமர் அபர்டீனின் அரசே கவிழ்ந்தது. அதை எந்த ராணுவமும் மறக்கவில்லை. முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் நிருபர்களைப் போர்முனைக்கு விடவேயில்லை. 1915-ல் விட்டபோதும் ஒரு கைவிரலில் எண்ணக்கூடிய சிலரையே, கூடவே ஓர் அதிகாரியின் கண்காணிப்போடு விட்டது.

வீரர்களின் சொந்தக் கடிதங்களை அவர்களுடைய அதிகாரிகளே பிரித்துப் படித்தார்கள். நேரம் மிச்சப்படுத்த அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்று தரப்பட்டது. “நலமாக இருக்கிறேன்”, “ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்” என்று வரிகள் வரிசையாக இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போடலாம். வேறு ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதை வாங்கிப் படித்த தாய்க்கு மகன் உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். அவன் எங்கே, என்ன நிலையில் இருக்கிறான் என்பது தெரியாது.

இன்று நிருபர் போர்முனைக்குப் போக மூன்று வழிகள். ஒன்று, ‘பூல்’ முறை: இடம் குறைவு என்பதால் சிலர் மட்டும் போய், எடுத்ததை எல்லா ஊடகங்களோடும் பகிர்வது. 1983-ல் கரீபியத் தீவு நாடான கிரெனடா மீதான படையெடுப்பின் முதல் நாட்களில் அமெரிக்கா நிருபர்களை முற்றாகத் தடுத்து, அதனால் எழுந்த சண்டையின் பலனாக வந்த ஏற்பாடு இது. 1991 வளைகுடாப் போரில் விரிவாகப் பயன்பட்டது. இரண்டு, ‘எம்பெட்’ முறை: நிருபர் ஒரு குறிப்பிட்ட படைப்பிரிவோடு சேர்ந்து தங்கி, உண்டு, பயணம் செய்வது. 2003 இராக் போரில் 600-க்கும் மேற்பட்டோர் இப்படிப் போனார்கள். மூன்று, யாரோடும் சேராமல் தனியாகப் போவது.

எம்பெட் முறையை ஒரேயடியாகப் பாராட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது. வீரர்களின் அன்றாடம் வேறு எந்த வழியிலும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது: தூக்கமின்மை, தூசி, காத்திருத்தல், பயம். ஆனால் நிருபர் பார்ப்பது அந்த ஒரு வாகனத்தின் ஜன்னலிலிருந்து தெரிவதை மட்டும். குண்டு புறப்படுவதைப் பார்ப்பார். விழுந்த இடத்தைப் பார்க்கமாட்டார். தன் உயிரைக் காப்பவர்களைப் பற்றிக் கடுமையாக எழுதுவதும் எளிதல்ல. அது மனித இயல்பு. ஆகவே எம்பெட் செய்தியில் ‘இந்தக் கம்பெனிக்கு என்ன நடந்தது’ என்பதை நம்பலாம். ‘போர் எப்படிப் போகிறது’ என்பதற்கு அது சான்றாகாது.

எதைச் சொல்லக்கூடாது, ஏன்?

எம்பெட் நிருபர்கள் கையெழுத்திட்ட விதிகளின் சாரம் எளியது. இனி நடக்கப்போவதைச் சொல்லாதே. இப்போது இருக்கும் சரியான இடத்தைச் சொல்லாதே. எத்தனை பேர், எத்தனை விமானம் என்று துல்லியமாகச் சொல்லாதே. இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்லும் முன் சொல்லாதே. 2003-ல் ஃபாக்ஸ் நியூஸ் நிருபர் ஹெரால்டோ ரிவேரா நேரலையில் மணலில் கோடு போட்டுப் படை எங்கே இருக்கிறது, எங்கே போகப்போகிறது என்று காட்டினார். அந்தப் பிரிவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இந்த விதிகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. ஃபாக்லாந்து போரில், 1982 மே 27 அன்று பிபிசி உலக சேவை, பிரிட்டிஷ் பாராசூட் படை கூஸ் க்ரீன் என்ற ஊரை நோக்கி முன்னேறுவதாக ஒலிபரப்பியது. தாக்குதல் இன்னும் தொடங்கவில்லை. தாக்கவிருந்த வீரர்களே அதை வானொலியில் கேட்டுக் கொதித்துப்போனார்கள். தகவல் களத்திலிருந்த நிருபர்களிடமிருந்து அல்ல, லண்டனிலிருந்தே கசிந்தது என்பதுதான் பரவலான கருத்து. ரகசியம் கசிந்தால் பழி முதலில் நிருபர்மேல் விழும். ஓட்டை பெரும்பாலும் தலைநகரத்து அலுவலக அறைகளில்தான் இருக்கும்.

விதிக்குள் நின்றே சொல்ல வேண்டியதைச் சொல்லவும் முடியும். அதே போரில் பிரிட்டனின் ஹாரியர் போர் விமானங்கள் தாக்குதலுக்குப் போய்த் திரும்பின. எண்ணைச் சொல்லத் தடை. பிபிசியின் பிரையன் ஹன்ரஹன், போனவற்றை எல்லாம் எண்ணினேன், திரும்பியவற்றையும் எண்ணினேன் என்ற பொருளில் ஒரே வாக்கியம் சொன்னார். எண் வெளியாகவில்லை, ஒரு விமானமும் விழவில்லை என்பது வீட்டில் கேட்டவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பத்திரிகைப் பள்ளிகளில் ஒரு வாரம் பாடம் நடத்த வேண்டிய விஷயம்.

பாதுகாப்பு ரகசியம் வேறு, சங்கடத்தை மறைப்பது வேறு. ஒரு தகவல் எதிரிக்குப் பயன்படுமா, அல்லது சொந்த மக்களுக்குத்தான் கோபம் வருமா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். நாளைய தாக்குதலின் நேரம் எதிரிக்குப் பயன்படும். வாகனத்துக்குக் கவசத்தகடு போதவில்லை என்பது எதிரி ஏற்கெனவே கண்ணால் பார்த்தது. 2004 டிசம்பரில் குவைத்தில், குப்பைமேட்டிலிருந்து இரும்பைப் பொறுக்கி வாகனத்தில் ஒட்டவேண்டியிருக்கிறதே ஏன் என்று ஒரு வீரர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டிடமே கேட்டார். கேள்வியைத் தயாரிப்பதில் எம்பெட் நிருபர் ஒருவரின் கையும் இருந்தது தெரிந்து சலசலப்பு எழுந்தது. ஆனாலும் கேள்வி சரியானது என்பதை யாரும் மறுக்கவில்லை, கவச வாகனங்களின் உற்பத்தியும் கூட்டப்பட்டது.

வீட்டுக்கதவு முதலில், தொலைக்காட்சி பிறகு

ஒரு வீரர் இறந்தால் ஒழுங்கான ராணுவத்தில் சீருடை அணிந்த அதிகாரி நேரில் வீட்டுக்குப் போவார். அமெரிக்க நடைமுறையில் குடும்பத்துக்குச் சொல்லி 24 மணி நேரம் ஆனபிறகே பெயர் வெளியிடப்படும். அந்த இடைவெளியைக் காக்க, ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் முகாம்களில் யாராவது இறந்தாலோ மோசமாகக் காயம்பட்டாலோ வீரர்களின் தொலைபேசியையும் இணையத்தையும் மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். அதன் பெயர் ‘ஆபரேஷன் மினிமைஸ்’. அமெரிக்க முகாம்களிலும் இதேபோல் நடக்கும். வீட்டில் காத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: திடீர் மௌனம் என்றால் முகாமில் யாருக்கோ ஏதோ நேர்ந்திருக்கலாம். தன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் என்று அர்த்தமில்லை.

இந்த வரிசை கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். களத்தில் எரிந்த வாகனத்தின் எண் தெரியும்படி படம் வெளிவருவது. நண்பர் ஒருவர் முந்திக்கொண்டு சமூக ஊடகத்தில் இரங்கல் போடுவது. உள்ளூர் நிருபர் உறுதிசெய்வதற்காக வீட்டுக்கே போன் போடுவது. மூன்றாவதுதான் மிகக் கொடியது, ஏனென்றால் அந்த அழைப்பே முதல் செய்தியாகிவிடும். குடும்பத்திடம் பேசுவதற்கு முன் ராணுவத்தின் மக்கள் தொடர்பு அதிகாரியிடம், “குடும்பத்துக்குச் சொல்லியாகிவிட்டதா?” என்று கேட்பது ஒரு நிமிட வேலை.

இறந்தவர் படத்தைக் காட்டுவது பழைய தகராறு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தன் வீரர்களின் சடலப் படங்களை வெளியிட விடவில்லை. 1943 செப்டம்பர் 20 தேதியிட்ட ‘லைஃப்’ இதழில், நியூகினியின் பூனா கடற்கரை மணலில் கிடந்த மூன்று வீரர்களை ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த படம் வந்தது. முகம் எதுவும் தெரியவில்லை. அரசே அனுமதித்தது, காரணம் மக்கள் போர் முடிந்ததுபோல் அலட்சியமாகிவிட்டார்கள் என்ற கவலை. முதலில் மனம் தளரும் என்று மறைத்தார்கள், பிறகு மனம் இறுகட்டும் என்று காட்டினார்கள். 1969 ஜூனில் அதே இதழ் வியட்நாமில் ஒரு வாரத்தில் இறந்தவர்கள் என்று 200-க்கும் மேற்பட்ட முகங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. சடலமோ ரத்தமோ இல்லை. பெரும்பாலும் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எண்ணாக இருந்தபோது கடந்துபோன வாசகர்களை அது நிறுத்தியது. 1991 முதல், இறந்த அமெரிக்க வீரர்களின் உடல்கள் வந்திறங்கும் டோவர் விமானப்படைத் தளத்தில் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை இருந்தது. 2009-ல் அந்த முடிவைக் குடும்பத்திடமே விட்டார்கள். நமக்குத் தெரிந்தவரை இதுதான் நியாயமான ஏற்பாடு.

பிடிபட்ட வீரர் விஷயத்தில் முடிவு ஊடகத்தின் விருப்பம் அல்ல, சட்டம். மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13-வது பிரிவு, போர்க் கைதிகளை அவமதிப்பிலிருந்தும் வேடிக்கைப் பொருளாவதிலிருந்தும் காக்கச் சொல்கிறது. இந்தக் கடமை அவர்களைப் பிடித்துவைத்திருக்கும் அரசுடையது. ஆனாலும், கட்டாயப்படுத்தி எடுத்த ‘வாக்குமூல’ வீடியோவை மறுஒளிபரப்பும் ஊடகமும், பகிரும் நாமும், அந்த அவமதிப்புக்குக் கைகொடுக்கிறோம். முகத்தை மறைத்து, “பிடிபட்டவரின் வீடியோ வெளியிடப்பட்டது” என்று எழுதினாலே செய்தி முழுமையாகிவிடும்.

வீரக்கதை வந்தால் கொஞ்சம் பொறுங்கள்

2003 ஏப்ரல் தொடக்கத்தில், ஜெசிகா லிஞ்ச் என்ற 19 வயது அமெரிக்க வீராங்கனை இராக்கில் குண்டு தீரும்வரை சுட்டுப் போராடிப் பிடிபட்டார் என்று செய்தி பரவியது. உண்மையில் வாகனம் மோதியதில் அவருக்குப் படுகாயம். துப்பாக்கி சிக்கிக்கொண்டதால் ஒரு குண்டும் சுடவில்லை. இதை அவரே வெளிப்படையாகச் சொன்னார், 2007-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பும் சொன்னார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் இறந்த முன்னாள் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டக்காரர் பேட் டில்மன் எதிரியின் குண்டுக்கு இரையானதாக அறிவிக்கப்பட்டு, வீரப் பதக்கமும் தரப்பட்டது. சொந்தப் படையின் குண்டுதான் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்ல ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இப்படிப்பட்ட கதைகளுக்குச் சில அடையாளங்கள் உண்டு. சம்பவம் நடந்த சில நாட்களுக்குள் முழுமையான கதை, தொடக்கம் நடு முடிவோடு. பெயர் சொல்லாத அதிகாரி. சாட்சி சொல்லக்கூடியவர் ஆஸ்பத்திரியிலோ கல்லறையிலோ. போருக்கு ஆதரவு தளரும் நேரத்தில், அல்லது களத்தில் கெட்ட செய்தி வந்த வாரத்தில் வெளியாகியிருக்கும். இந்த நான்கில் மூன்று பொருந்தினால், அந்த வீரர்மேல் உள்ள மரியாதைக்காகவே ஆறு வாரம் காத்திருக்கலாம். லிஞ்ச் எதையும் புனையவில்லை. அவர் பெயரில் புனைந்தவர்கள் வேறு.

படம், வீடியோ

செக் நாட்டின் பொஹிமியா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ‘அர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போர் என்று அத்தனை முறை பரவியதால், 2022 நவம்பரில் அந்த நிறுவனமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று குறிப்பு வெளியிட்டது. அதன் சாரம்: தெளிவு வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் இரவுக் காட்சி, கேமரா ஆடிக்கொண்டே இருக்கும், ஒலி இருக்காது, நடமாடும் மனிதர்கள் தெரியமாட்டார்கள்.

வந்த வீடியோவைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கட்டடமோ பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுங்கள். இப்படி மூன்று நான்கு எடுத்து, கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் போன்ற தலைகீழ்ப் படத்தேடலில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். பழைய தேதியில் அதே படம் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் மரங்களைப் பாருங்கள்: பனிக்காலப் போர் என்கிறார்கள், மரத்தில் இலை அடர்ந்திருக்கிறதா? பலகையின் எழுத்து எந்த மொழி? வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் ஓடுகின்றன? நிழல் நீளம் சொல்லப்பட்ட நேரத்துக்குப் பொருந்துகிறதா? தேடலில் எதுவும் கிடைக்கவில்லை என்பதால் வீடியோ உண்மை என்று ஆகிவிடாது. அது புதிதாக இருக்கலாம், செயற்கை நுண்ணறிவால் செய்ததாகவும் இருக்கலாம்.

உண்மையான வீடியோவும் ஏமாற்றும். ட்ரோன் இலக்கைத் தாக்கும் காட்சிகளை எல்லா ராணுவமும் வெளியிடுகிறது. தவறிய ட்ரோன், மின்னணு இடையூறால் விழுந்த ட்ரோன், காலி அகழியைத் தாக்கிய ட்ரோன் ஆகியவற்றின் காட்சிகளை யாரும் வெளியிடுவதில்லை. நூறு வெற்றிக் காட்சிகளைப் பார்த்தவருக்குத் தோல்வி விகிதம் பற்றி ஒன்றும் தெரியாது.

வீட்டில் இருப்பவர்களின் கைப்பேசி

படை வீரரின் குடும்பத்தார் போடும் ஒரு பதிவால் தனியாக ஆபத்து வருவது அரிது. துண்டுகள் சேரும்போதுதான் வரும். “நாளை மறுநாள் கிளம்புகிறார்” என்று தம்பி, சீருடைத் தோள்பட்டைச் சின்னம் தெரியும் படத்தோடு அம்மா, “ஆறு மாதம் கடலிலேயே” என்று மனைவி. மூன்றையும் சேர்த்தால் எந்தப் பிரிவு, எப்போது, எங்கே என்பது வந்துவிடுகிறது. புறப்படும் தேதி, திரும்பும் தேதி, ஊர்தி எண், முகாமின் பெயர், பிரிவுச் சின்னம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு அன்பை மட்டும் எழுதுங்கள். வந்துசேர்ந்த பிறகு வரவேற்புப் படம் போடலாம்.

படத்தில் இடக்குறி ஒளிந்திருக்கும். கேமரா செயலியின் அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவிட்டால் இனி எடுக்கும் படங்களில் பதியாது, பழையவற்றில் இருப்பது அப்படியே இருக்கும். ஓட்டப்பயிற்சிச் செயலிகளும் இதே ரகம். 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில், பாலைவனத்து இருட்டு நடுவே வீரர்கள் ஓடிய வட்டங்கள் பளிச்சென்று தெரிந்து ராணுவத் தளங்களின் வடிவம் வெளியானது. யாரும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. காலையில் ஓடப்போனார்கள், அவ்வளவுதான்.

மோசடி பற்றி ஒரு வார்த்தை. வீரர்களின் படத்தைத் திருடிக் காதல் பேசிப் பணம் பறிப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். விடுப்பு எடுக்கவோ, ஊருக்குத் திரும்பவோ, சாப்பாட்டுக்கோ, வீட்டோடு பேசவோ ராணுவம் வெளியாரிடம் கட்டணம் கேட்காது. கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் வீரர் அல்ல.

கேமரா கிளம்பிய பிறகு

போரின் முதல் மூன்று வாரம் நேரலை. பிறகு வாரம் ஒரு செய்தி. பிறகு எண் மட்டும். கவனம் குறைவது வாசகரின் கல்நெஞ்சத்தால் மட்டும் அல்ல; போர்முனையில் ஒரு நிருபரை வைத்திருக்கக் காப்பீடு, பாதுகாவலர், மொழிபெயர்ப்பாளர், கவச வண்டி என்று செலவு அதிகம், பார்வையாளர் குறையும்போது ஊடகம் முதலில் கைவைப்பது அங்கேதான். வீரர் ஊர் திரும்பும் நாளில் மறுபடி கேமரா வரும்: விமான நிலையம், கட்டிப்பிடித்தல், குழந்தை. அதற்கு அடுத்த மாதம் யாரும் வருவதில்லை.

வந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2007 பிப்ரவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளியிட்ட தொடரைச் சொல்லலாம். டானா பிரீஸ்ட்டும் ஆன் ஹல்லும் தலைநகரத்திலேயே இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை முடிந்து காத்திருந்த வீரர்கள் தங்கிய 18-ம் எண் கட்டடத்தில் பூசணம் பிடித்த சுவர், எலி, கரப்பான். மூளைக்காயம் பட்டவர்கள் தங்கள் படிவங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். சில வாரங்களில் மருத்துவமனைத் தலைவர் நீக்கப்பட்டார், ராணுவத் துறைச் செயலர் பதவி விலகினார். போர்முனைக்குப் போகாமல், பொறுமையோடு சென்று பார்த்துக் கொண்டுவந்த போர்ச் செய்தி அது.

முதலில் சொன்ன கூட்டுத்தொகையில் ‘காணாமல் போனவர்’ என்ற கட்டம்தான் கடைசியில் மூடப்படுவது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது அமெரிக்காவின் ‘ஓக்லஹோமா’ போர்க்கப்பலில் 429 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரை அடையாளம் காண முடியாமல் பெயரில்லாத கல்லறைகளில் சேர்த்துப் புதைத்தார்கள். 2015-ல் தோண்டி எடுத்து மரபணுவை ஒப்பிடத் தொடங்கி, 2021-க்குள் 350-க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டார்கள். எண்பது ஆண்டு கழித்து ஏதோ ஒரு சிற்றூரின் பத்திரிகையில் இறுதிச் சடங்குச் செய்தி வந்தது. பெட்டியின் அருகே நின்றவர்கள் அந்த மாலுமியை ஒருமுறையும் பார்த்திராத பேரர்கள்.